ஸ்டிக்கர் உரிக்காத ஒரு பெட்டி

ஏழுமலையின் அழைப்பு வந்தபோது நான் செஞ்சி கூட்டுரோட்டில் டீக்கடையில் நின்றிருந்தேன். மாலை நேரம். திண்டிவனம் பேருந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை கூரியர் அலுவலகம் நடத்துகிறவர். பார்சல் வந்தாலொழிய என்னை அழைக்கமாட்டார்.

"சார், பெட்டியம்மா போயிட்டாங்க. கதவ ஒடச்சித்தான் பாத்துருக்காங்க. கட்டிலு பக்கத்துல கெடந்தாங்களாம். ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு."

நான் அதைத் திருப்பிச் சொன்னது பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்துவிட்டது. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "யாரு, அந்தப் பெட்டிக்காரியா? அப்பாடா. இனிமே குப்பைய நிம்மதியா வெளிய வெக்கலாம்" என்றார். இன்னொருவர் சிரித்தார். யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மரகதம் அக்காவின் சாவுச் செய்தி இந்த ஊரில் இப்படித்தான் வந்து இறங்கியது. அதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரகதம் அக்கா பல காலம் செஞ்சியில் பத்திரிகை முகவராக இருந்தார். நான் இந்த வட்டாரத்துக்கு நிருபராக வந்த நாளிலிருந்து என் செய்தியை ஊரில் முதலில் படித்தவர் அவர்தான். விடியற்காலையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, நின்றபடியே படித்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போகும்போது தீர்ப்புச் சொல்வார். ஒரு முறை ஏரி உடைப்பைப் பற்றி நான் உருக்கமாக எழுதியிருந்தேன். "இன்னா நிருபரே, ஏரி ஒடஞ்சி தண்ணி வந்துச்சா, உன் கண்ணுல இருந்து வந்துச்சா? எத்தினி ஏக்கரு போச்சுன்னு எங்கயுமே காணமே" என்றார். அதற்குப் பிறகு நான் ஏக்கரை விட்டதில்லை.

வாசகர்கள் கைப்பேசிக்குப் போனார்கள். முகவர் வேலையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றானதும் அக்கா அதை விட்டார். வீடு நிறைய விற்காத பிரதிகள் தேங்கிக் கிடந்தன. அவற்றை எடைக்குப் போடாமல் ஒரு தொழிலை ஆரம்பித்தார். அவலூர்பேட்டை, தொண்டூர் என்று சுற்றியிருக்கும் ஊர்களில் பரணில் கிடக்கும் பித்தளை விளக்கு, பீங்கான் ஜாடி, சுவர்க் கடிகாரம் போன்றவற்றை வாங்கி, இணையத்தில் படம் போட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் விற்றார். பொருளைச் சுற்ற அந்தப் பழைய பத்திரிகைத்தாள். "உன் செய்திய செஞ்சியிலயே எவனும் படிக்கல. நான் பெங்களூரு வரைக்கும் அனுப்பறேன் பாரு" என்று ஒரு குத்துவிளக்கின் கழுத்தில் என் பெயர் போட்ட பத்தியைச் சுற்றிக் காட்டினார்.

தாள் இருந்தது. பெட்டி இல்லை. காசு கொடுத்துப் புதுப்பெட்டி வாங்குவது அவருடைய சுபாவம் அல்ல. தெருத்தெருவாகப் போய் வீட்டு வாசலில் கிடக்கும் பெட்டிகளை எடுத்துவந்தார். மிக்ஸி வந்த பெட்டி, செருப்பு டப்பா, பட்டாசுப் பெட்டி, சத்துமாவு வந்த அட்டை, எதுவும் தப்பாது. பெட்டியம்மா என்ற பெயர் அப்படி வந்தது.

பெட்டி எடுத்ததோடு நின்றிருந்தால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டிருக்கும். அவர் பெட்டியைப் படித்தார். எந்த வீட்டுக்கு என்ன வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ரேஷன் கடை வரிசையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம், "இன்னா வாத்தியாரே, மாசா மாசம் கறுப்பு டை பெட்டி வருது, பூசறதுக்குத் தலையில முடியே இல்லியே" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. மகன் கனடாவிலிருந்து சாமான் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், "கனடாவுலயும் விழுப்புரத்துக் கடைதான் இருக்குது போல" என்றார். அந்த அம்மாள் அரிசியை வாங்காமலே வீட்டுக்குப் போனார். மகன் அனுப்பவில்லை, அவரே வாங்கிக்கொள்கிறார் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வரிசையில் அடுத்த ஆளாக நின்று சர்க்கரையை வாங்கிக்கொண்டார்.

பெட்டியை அவர் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டமாட்டார். பழைய விலாசத்தை மட்டும் மை போட்டு அடிப்பார். அதுவும் ஏழுமலை கேட்பதால். மற்றபடி பெட்டி எதற்கு வந்ததோ அந்த எழுத்தோடும் படத்தோடும் போகும். பெங்களூரில் இருந்து ஒரு பெண்மணி கோபமாக அழைத்த நாளில் நான் அங்கே இருந்தேன். பூஜை விளக்கைக் கழிப்பறைப் பீங்கான் வந்த பெட்டியில் அனுப்பிவிட்டீர்களே, இது நியாயமா என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா நிதானமாகச் சொன்னார்: "எங்க ஊர்ல வெளக்கு உள்ள இருக்கும், கக்கூஸு வெளிய இருக்கும். பெட்டியும் அப்டித்தான் வந்துருக்குது. உங்க ஊர்ல மாத்தியா?" அந்தப் பெண்மணி பிறகும் இவரிடமே வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

படம் எடுத்து, விவரம் எழுதி, கணக்கைத் திறந்து கொடுத்ததெல்லாம் பக்கத்து வீட்டு கவிதா. தனியார் பள்ளியில் ஆசிரியை. பள்ளி விட்டதும் நேராக அக்கா வீட்டுக்கு வருவார். "பெரியம்மா, பெட்டிய திருப்பி ஒட்டுனா புதுசு மாதிரி இருக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு இருந்தா அது பெட்டி இல்லடி, சம்பந்தி வூடு" என்றார் அக்கா. கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த வீட்டில்தான்.

கவிதாவுக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கமுடியாது. மருந்து சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வரும். மூடியின் மேல் ஸ்டிக்கர்: பெயர், வயது, மருந்தின் பெயர். தாய் சுமதி அந்தப் பெட்டிகளைத் தோட்டத்தில் வைத்து எரித்துவிடுவார். தெரு அறிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம். தெர்மாகோல் எரிகிற நாற்றத்தைக் கவிதாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பெட்டியை எரிக்கவிடாமல் எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். ஊரில் யார் வீட்டுப் பெட்டியையும் மறைக்காத அக்கா, இந்த ஒரு வீட்டுப் பெட்டிக்கு மட்டும் ஈரத்துணியை ஊறவைத்து ஸ்டிக்கரை உரித்தார். உடையும் சாமானுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. கவிதாவின் பெட்டிகள் பல ஊருக்குப் போயின, பெயரில்லாமல்.

பிறகு திண்டிவனத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சென்னையில் வேலை. இரண்டு தரப்புக்கும் பிடித்துப்போய், பூ வைத்துவிட்டும் போனார்கள். நோயைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காவின் வீட்டில் இது சண்டையானபோது நானும் இருந்தேன்.

"சொல்லிடு சுமதி. மூடி குடுக்காத."

"சக்கர ஊருக்கே இருக்குதுக்கா. கல்யாணம் முடியட்டும், பதமா சொல்லிக்கலாம்."

"மாமியா வூட்ல ஊசிய எங்க போடுவா? கக்கூஸுல போய் ஒளிஞ்சி போடுவாளா? ஒரு நாளு முடியாம வுட்டாள்னா?"

"நல்ல வார்த்த வராதா உன் வாயில?" என்று சுமதி எழுந்து போனார்.

கவிதா போகவில்லை. "ஞாயித்துக்கெழம அவரு கோட்ட பாக்க வர்றாரு பெரியம்மா. அப்ப நானே சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லமாட்ட. வெயில பத்திப் பேசிட்டு எறங்கி வந்துடுவ."

"சொல்லுவேன்."

"பாக்கலாம்."

அக்கா ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய கணவருக்கு வலிப்பு இருந்தது. சொல்லாமல் கட்டிவைத்தார்கள். "கல்யாணத்துக்கு வந்த மேளக்காரனுக்கே தெரிஞ்சிருந்துது நிருபரே. மணையில ஒக்காந்திருந்த எனக்கு மட்டுந்தான் தெரியல" என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார். கிணற்றில் இறங்கும்போது கணவருக்கு வலிப்பு வந்தது. மேலே வந்தது உடல்தான். அக்காவுக்கு அப்போது இப்போதைய கவிதாவின் வயதுகூட இல்லை. "நோவு மேல எனக்குக் கோவம் இல்ல. தெரிஞ்சிருந்தா கிணத்துப் பக்கம் வுட்டுருப்பனா?" இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. விளக்கைத் தாளில் சுற்றிக்கொண்டேதான் சொன்னார்.

இனி வருவது, ஏழுமலையிடமும் அக்காவிடமும் அப்போதே தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டது.

மாப்பிள்ளையின் அக்காள் சென்னையில் இருக்கிறார். இணையத்தில் பார்த்த ஒரு சாண் உயரப் பீங்கான் ஜாடி அவருக்குப் பிடித்துவிட்டது. சுமதி பெருமையாக, நாங்களே அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அக்காவிடம் வந்தார். "சம்பந்தி வூட்டுக்குப் போறது. நல்ல பெட்டியா பாத்துப் போடுக்கா." அக்கா நல்ல பெட்டியாகத்தான் பார்த்தார். ஜாடிக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது, அந்த வாரம் வந்த தெர்மாகோல் பெட்டி. கவிதா பள்ளியில் இருந்த நேரம். ஈரத்துணி எடுக்கவில்லை.

கூரியர் அலுவலகத்தில் ஏழுமலை பார்த்துவிட்டார். "யம்மா, மேல மருந்து ஸ்டிக்கரு இருக்குது. பேரு வேற போட்டுருக்குது. உரிச்சிக் குடுங்க."

"இருக்கட்டும். படிக்கறவங்க படிக்கட்டும்."

சம்பந்தி வீட்டுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று ஏழுமலை நினைத்துக்கொண்டார். பார்சல் போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் அது எதற்கென்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டிலிருந்து பேச்சு ஒன்றும் வரவில்லை. மூடியின் படம் மட்டும் சுமதியின் கைப்பேசிக்கு வந்தது. பிறகு, பூ வைத்த புடவையைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு ஆள் வந்தார். ஜாடி திரும்பி வரவில்லை.

சுமதி தெருவில் நின்று மண்ணை வாரி அக்கா வீட்டு வாசலில் தூற்றினார். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண போட்டியே, நீ நல்லா இருப்பியா? புள்ள இல்லாத முண்டைக்குப் புள்ள அரும தெரியுமா?" தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். வயதான அம்மாள், கண் மங்கல் என்று விட்டிருப்பார்கள். அக்கா வாசற்படியில் நின்று, "மறக்கல. தெரிஞ்சிதான் வுட்டேன்" என்றார்.

கவிதா அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்தார். தாயைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "நான் சொல்லியிருப்பேன். எதுக்கு எங்கிட்ட இருந்து அத எடுத்த?"

அக்கா குனிந்து வாசற்படியில் விழுந்திருந்த மண்ணைக் கையால் கூட்டித் தள்ளினார்.

அதற்குப் பிறகு ஊர் அவரைத் தண்டித்தது. நமக்கு இதற்கு நல்ல திறமை உண்டு. பெட்டிகளை வாசலில் வைக்கும் முன் மிதித்து நசுக்கினார்கள். சிலர் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு நாள் அவர் வாசலில் புத்தம்புதுப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே செத்த எலி. எலியைப் புதைத்துவிட்டுப் பெட்டியை வெயிலில் காயவைத்தார். "எலி செத்ததுக்குப் பெட்டி இன்னா பண்ணும்? நல்ல கெட்டி அட்டை நிருபரே. எவனோ நம்ம மேல அக்கற உள்ளவன்." கடிகாரம் ஒன்று அதில் போனது. படம் எடுக்க ஆளில்லாமல் வியாபாரம் தேய்ந்தது. அவரே எடுத்த படங்களில் விளக்கைவிட அவருடைய கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டால் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"தப்பு பண்ணாத்தான் மன்னிப்பு. அந்தப் பொண்ணுக்கு வலிக்குது, அது எனக்குத் தெரியும். வலி வேற, தப்பு வேற."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம் இல்லையா அக்கா?"

அவர் பழைய தாள் ஒன்றை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஒன்னோட டீ ஆறுது" என்றார்.

கவிதாவைப் பார்க்க இந்த வருடம் ஒரு குடும்பம் வந்தது. ஊருக்கே தெரிந்த பிறகு மறைக்க ஒன்றுமில்லை. வந்தவர்கள் உட்கார்ந்ததும் கவிதாவே சொல்லிவிட்டார். அவர்கள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மறு சொல் வரவில்லை. அக்கா தன் வீட்டு ஜன்னலில் நின்று கார் வந்ததையும் போனதையும் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம் கேட்டார்.

"இன்னா சொன்னாங்களாம்?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அவ சொல்லிட்டாளா? அவளேவா?"

"அவங்களேதான்."

"ம்" என்றார். திருப்தியா துக்கமா என்று பிரித்தெடுக்க முடியாத ஒரு ம். அவர் செய்ததுதான் சரி என்று சொல்கிறவர்கள் அந்தக் காபி டம்ளர்களைக் கழுவி வைத்த பெண்ணையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தவறு என்று சொல்கிறவர்கள் கிணற்றை நினைத்துக்கொள்ளட்டும். நான் இரண்டையும் தினமும் நினைக்கிறேன். ஒன்று மற்றொன்றை அடிக்கவில்லை.

அக்காவுக்குக் கொள்ளி வைக்கத் திருவண்ணாமலையிலிருந்து தம்பி மகன் வந்தார். தூக்க ஆள் போதாமல் ஏழுமலையும் நானும் தோள் கொடுத்தோம். தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. சுமதி வெளியே வரவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா வீட்டு வாசலை ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். கவிதா. பிணம் போன வீட்டைக் கழுவ உறவுப் பெண்கள் வேண்டும். அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை.

"சார், நீங்க இவங்கள பத்தி எழுதுவீங்க இல்ல?" என்றார்.

எழுதலாம் என்றிருக்கிறேன், உங்களைப் பற்றி எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வரட்டும். பேர மாத்தாம போடுங்க. இன்னொண்ணும் போடுங்க. அன்னிக்குக் காலையில நான் ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப அவங்க வாசப்படியில பால் பாக்கெட்டு எடுக்காம கெடந்துது. எந்நாளும் அந்நேரத்துக்கு எடுத்துருப்பாங்க. பாத்தேன். இன்னாவோ ஆயிருக்குதுன்னு தோணுச்சி. தட்டல. நேரா பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறேன், அப்டியே கெடக்குது. அப்புறந்தான் கத்துனேன்."

மருத்துவர் சொன்னதை நான் சொன்னேன். விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. காலையில் தட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"தெரியும். எங்கிட்டயும் சொன்னாரு." வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் படியில் ஊற்றினார். "ஆனா காலையில அது எனக்குத் தெரியாது இல்ல சார்?"

காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதுங்க. இந்தத் தடவ நான் சொல்றேன். வேற யாராவது வந்து எனக்கு முன்னாடி சொல்லக் கூடாது."

மரகதம் அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதி இதை முடிக்கவேண்டும். அவருடைய நேர்மை என்று எழுதலாம். கேட்க நன்றாக இருக்கும். அவர் உயிரோடு இருந்தால், எத்தனை ஏக்கர் என்று கேட்பார். ஆகையால் அளவாகச் சொல்கிறேன். எந்த உண்மையும், அது யாருடையதோ அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்க அவருக்குத் தெரியாது. அவரிடமிருந்து நான் பாடமாக வைத்துக்கொள்வது அந்தக் குறையைத்தான். மேலே உள்ளதை அச்சுக்குக் கொடுக்கும் முன் கவிதாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, ஒரு வார்த்தையையும் மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார்.